பையுடன் நிற்க நிழல் உண்டு

தீம் பார்க்கில் எதில் முதலில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, எப்போது கிளம்புவது என்று பிளான் போட்டுக் கொடுக்க ஒரு ஆளுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறகு கோபம் வரும். சிரிப்பு சீக்கிரம் போய்விடும், கோபம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போகும்.

நான் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் விவரமான பொம்பளை என்று பெயர் வாங்கியவள், கத்தரிக்காய்க்குக் கூடப் பேரம் பேசாமல் நகராதவள், அந்த ஆள் கேட்டதை மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

எண்பத்தொன்பதில் கல்யாணமாகி, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தேன். கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அப்போது பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தோமா, சுற்றினோமா, போனோமா என்று இருந்தார்கள். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கூட்டம் ஏறியது. பஸ் ஏறியது, கடை ஏறியது, லாட்ஜ் வாடகையும் ஏறியது. லாட்ஜ் வாடகை ஏறிய பிறகு சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. அந்தப் பாசம் நிலாவோடு வளரும், நிலாவோடு தேயும். அமாவாசையன்று ஒரு ஆள் வந்து "எப்படி இருக்கீங்க" என்று எங்களைக் கேட்டதில்லை.

பௌர்ணமி வந்தால் யார் எங்கே படுப்பது, யாருக்கு மாடிப்படி ஏற முடியாது, யாருக்கு வெங்காயம் ஆகாது, திரும்பி வந்ததும் காலுக்கு ஊற்ற யாருக்கு வெந்நீர் வேண்டும், எல்லாம் என் தலையில்தான். கேள்விகள் வேறு. "எப்ப கிளம்பினா கூட்டம் கம்மியா இருக்கும்?" "செருப்ப வீட்லயே வுட்டுடலாமா?" "வழியில பாத்ரூம் எங்க இருக்கு?" "அடி அண்ணாமலை கிட்ட டீ நல்லா இருக்குமா?" "கால் வலிச்சா ஆட்டோ கிடைக்குமா?" வந்தவர்களே மறுபடி வந்து, கேட்டதையே மறுபடி கேட்பார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வேன். காசு வாங்காத ஒரு விசாரணை ஆபீஸை நான் வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. பௌர்ணமி விருந்தோம்பலில் அவர் பங்கு, வாசலில் நின்று வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று சொல்வது. அதை அவர்போல் யாராலும் சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் அவர் வேலை முடிந்துவிடும். பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு ஊரில் ராட்டினம் போடுவார்கள். கல்யாணமான முதல் தீபத்துக்கு என் வீட்டுக்காரர் வீட்டு ஜனம் மொத்தமும் அதில் ஏறியது. "புதுப்பொண்ணு, தலை சுத்தும். நீ கீழ நின்னு செருப்பெல்லாம் பாத்துக்கோ" என்றார் மாமியார். அடுத்த தீபத்துக்குப் பெண் வயிற்றில். அதற்கடுத்த தீபத்துக்கு இடுப்பில். அவள் இடுப்பை விட்டு இறங்கி, நடந்து, தானே ராட்டினம் ஏறுகிற வயசு வந்ததும் அவளுடைய பையும் என் கைக்கு வந்து சேர்ந்தது. ராட்டினத்தில் ஏறியவர்களுக்குத் தலை சுற்றியதோ என்னவோ, அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

எனக்கும் ஆசை இருந்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. கையில் பை இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அதில் ஒரு சுற்று. முப்பது தாண்டின பொம்பளை இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? கேட்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி டிராவல்ஸ் வைத்திருந்த ஒருவர், புதிதாக ஒரு போர்டு மாட்டினார். 'தீம் பார்க் பிளானிங் செய்து தரப்படும்.' அதுவரை வெளியூர்க்காரர்களை வேனில் அழைத்து வந்து மலை சுற்றக் காட்டிக்கொண்டிருந்தவர். மெட்ராஸுக்கு வெளியே நெடுஞ்சாலையில் பெரிய பார்க் ஒன்று இருந்தது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் பெண் அதற்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தாள். விசாரித்துப் பார்ப்போம் என்று போனேன்.

"அம்மா, பார்க்குக்குப் போறவன் என்ன பண்றான்? உள்ள நுழைஞ்சதும் பேந்தப் பேந்த முழிக்கறான். இதுல ஏறலாமா அதுல ஏறலாமானு பாதி நாள் போயிடுது. நான் எல்லாத்தையும் அச்சடிச்சு, லேமினேட் பண்ணி, அட்டையா குடுத்துடுவேன். நீங்க ஒண்ணுமே யோசிக்க வேணாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். நீங்க ஒண்ணுமே யோசிக்க வேணாம். கல்யாணமான நாளிலிருந்து யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. தாலி கட்டினவரே சொன்னதில்லை.

"எந்த நாள் போனா நல்லதுங்க?"

"பௌர்ணமி அன்னைக்கு."

நான் அவரை ஒரு மாதிரி பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெட்ராஸ் ஜனம் மொத்தமும் அன்னைக்கு எங்க இருக்கும்? நம்ம ஊர்ல மலை சுத்திக்கிட்டு இருக்கும். அப்ப பார்க் எப்படி இருக்கும்? காலியா இருக்கும். இதையெல்லாம் யோசிக்கத்தான்மா நீங்க எனக்குக் காசு குடுக்கறது."

என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று அசந்துபோனேன். பார்க் காலியாக இருப்பது ஒரு பக்கம். பௌர்ணமியன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதற்காகவே அவர் கேட்டதற்கு மேலும் கொடுத்திருப்பேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "பிளான் போடறதுக்குப் போய் காசா? அத நீயே சூப்பரா போடுவியே."

"அதுதாங்க வேணாங்கறேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரியவைக்க எனக்கும் தெம்பில்லை.

நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம் என்று எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். வேலூரில் இருக்கும் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்குத் தங்கை, போன் பண்ணினாள். "அதனால என்ன அண்ணி? சாவிய எதிர்வீட்ல குடுத்துட்டுப் போங்க. நாங்க எங்க பாட்டுக்கு வந்து இருந்துட்டுப் போறோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் அந்த மாதம்தான் புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தார். பேச ஆள் கிடைக்காமல் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கி, "ஏதாவது வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடு, தயங்காத" என்று தங்கையிடம் செல் நம்பரை இரண்டு தடவை சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பௌர்ணமியன்று விடியற்காலையில் டிராவல்ஸ்காரரின் வேனில் கிளம்பினோம். ஏறும்போதே ஆளுக்கொரு அட்டை, நாடா கட்டி, கழுத்தில் மாட்டிவிட்டார். வேன் நிறைய எங்கள் ஊர்க்காரர்கள்தான். முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது, முக்கால்வாசிப் பேர் பௌர்ணமி விருந்தாளிகளுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு வேன். அதிலும் அதே நாடா, அதே அட்டை. அப்போதே எனக்கு லேசாக உறைத்திருக்க வேண்டும். ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றாரே என்று யோசிக்காமல் இருந்தேன்.

பார்க்கின் கேட்டைத் தாண்டினதும், கைக்கெட்டும் தூரத்தில், வலது பக்கம் ராட்டினம். எங்கள் ஊர் தீபத்துக்கு வருகிற ராட்டினம் இதற்குக் குழந்தை. காலைநேரம், ஏற ஒரு ஆள் இல்லை. காலிப் பெட்டிகள் மெதுவாக மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன.

"என்னங்க, முதல்ல இதுல ஏறிடலாம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இது கடைசியில போட்டிருக்கு."

கேட் வரைக்கும் வழியனுப்ப வந்திருந்த டிராவல்ஸ்காரர் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, அந்தப் பக்கம் வேணாம். உள்ள நுழைஞ்சா இடது கைப்பக்கமா கிளம்பி, ஒரு சுத்து சுத்திட்டு, இங்க வந்து முடிக்கணும். வலமா போறதுதானே முறை?"

"இது என்ன கோயிலா?"

"கோயில் இல்லதான்மா. ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு எதிர்ப்பக்கமா சுத்தினா கால் ஒத்துக்காது. நான் யோசிச்சுதான் போட்டிருக்கேன்."

பொறுமை போய்விட்டது. போங்கய்யா நீங்களும் உங்க வலமும் என்று வலது பக்கம் திரும்பி நடந்தேன். இரண்டு அடிதான் வைத்திருப்பேன். "அம்மா, எதிர்ல போறம்மா" என்று என் பெண் பதறினாள். மூன்று வேன் ஜனமும் நின்று என்னைப் பார்த்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் காலும் தயங்கியது. மலையை ஒருத்தன் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தால் பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று பார்க்கிற ஊரில் இத்தனை வருஷம் இருந்தாயிற்று. திரும்பி வந்து எல்லாரோடும் சேர்ந்து இடது பக்கம் நடந்தேன்.

பார்க் என்னவோ காலிதான். அதில் அவர் கணக்குத் தப்பவில்லை. இரண்டு மூன்று பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. பார்த்ததில் ஓடிப்போய் ஏறினார்கள், இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள். எங்கள் மூன்று வேன் ஜனம் மட்டும், ஒரே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முதல் ரைடுக்கு முதலில், இரண்டாவதற்கு இரண்டாவதாக, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கியூவில் நின்றோம். அந்தப் பக்கம் ஈயடித்தது, இந்தப் பக்கம் எங்களுக்குள்ளேயே தள்ளுமுள்ளு. திருவண்ணாமலையில் தப்பித்த கூட்டத்தை வேனில் ஏற்றிக் கூடவே கொண்டுவந்திருந்தோம்.

முதல் கியூவில் எங்கள் முறை வரும் நேரத்தில் செல்போன் அடித்தது. என் வீட்டுக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணி, காஃபிப் பொடி எங்க வெச்சிருக்கீங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டார்கள். "போனை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, பையும் கூடாது" என்றார் அங்கே நின்றவர்.

கேட் பக்கத்தில் லாக்கர் இருந்ததைப் பார்த்திருந்தேன். சொன்னேன்.

"லாக்கருக்கு வேற தண்டமா எதுக்குக் காசு? அதான் நீ இருக்கியே" என்று பைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணோடு உள்ளே போய்விட்டார் என் வீட்டுக்காரர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் எதையுமே கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம். எதிரே ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு பெஞ்ச். போய் உட்கார்ந்தேன்.

அடுத்த கியூவில், "அண்ணி, மோட்டார் சுவிட்ச் எது?" அதற்கடுத்த கியூவில், "அண்ணி, என் ஓரகத்தி வீட்டுக்காரரும் கூட வந்திருக்காரு. அவருக்கு சுகர். சர்க்கரை ஜாஸ்தி ஆகாம என்ன டிபன் பண்ணலாம்?" மெட்ராஸ் எல்லைக்குள் வந்துவிட்டால் அந்தக் காலத்தில் பேசுகிறவளுக்கு மட்டுமில்லை, கேட்கிற எங்களுக்கும் ரோமிங் காசு. காசு கொடுத்து அடுப்பங்கரையைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

தண்ணீரில் சறுக்குகிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் என் கழுத்தில் தொங்கின அட்டையைக் கொஞ்சம் உற்றுப் படித்தேன். அதுவரை பெரிய எழுத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு ரைடின் பெயருக்குக் கீழும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'ஒருவர் பையுடன் நிற்க எதிரே வேப்பமரம்.' 'ஒருவர் பையுடன் நிற்க நிழல் உண்டு, பெஞ்ச் உண்டு.' 'பையுடன் நிற்பவர் இங்கே முன்னதாகப் போய்ச் சாப்பிட இடம் பிடிக்கவும்.'

அந்த ஒருவர் யார் என்று எங்கேயும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பொம்பளைகள், மடியில் பைகள், காலடியில் செருப்புகள். அதற்குப் பக்கத்துப் பெஞ்சில் மூன்று பேர். எல்லார் கழுத்திலும் அதே அட்டை. காலையிலிருந்து ஒவ்வொரு ரைடுக்கு எதிரேயும் நாங்களேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சுக்குப் பெஞ்ச், வலமாக, நாங்களும் ஒரு சுற்று போய்க்கொண்டிருந்தோம்.

"உங்க அட்டையிலயும் நிழல்னுதான் போட்டிருக்காங்களா?" என்று பக்கத்துப் பெஞ்ச் அம்மா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. டிராவல்ஸ்காரர் மேல் ஆத்திரம், ஆனால் அவர் மேல் மட்டும் இல்லை. இந்தப் பார்க்குக்கு நாலைந்து தடவை வந்து, சுற்றி, பார்த்து, யாரோ ஒருத்தி பையோடு உட்காரத்தான் போகிறாள் என்பதை எழுதாத சட்டமாக எடுத்துக்கொண்டு, அவளுக்கு வெயில் படாமல் இருக்கட்டும் என்று மரம் தேடியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த அளவு கூட யாரும் யோசித்ததில்லை. அதுவும் சேர்ந்துதான் அழுகையாக வந்தது. சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இங்கே என் கைக்காசைக் கொடுத்து என்னையே காவலுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

செல்போன் அடித்தது. "அண்ணி, மலை சுத்த எப்ப கிளம்பினா கூட்டம் கம்மியா இருக்கும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் தாழட்டும், சுகர்காரரை முன்னால் விட்டு நடங்க, அவருக்கு ரெண்டு பிஸ்கட் கையில் வெச்சிருங்க என்று எல்லாம் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன். என் வாய் அப்படிப் பழகியிருக்கிறது.

கேட் பக்கத்து ராட்டினத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. காலையில் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததில் இப்போது எங்கள் ஊர் மொத்தமும் வரிசையில் நின்றது. முறைப்படி வலம் வந்து முடிக்கிற இடமாயிற்றே. நின்று நின்று, கதவு வரைக்கும் போனோம்.

"நேரமாச்சு. நானும் பாப்பாவும் சட்டுனு ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம். நீ அந்தப் பெஞ்சுல இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே என் கை நீண்டு, பெண்ணின் தோளிலிருந்த பையை வாங்கிவிட்டது. யாரும் கேட்காமலே. அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம், அந்தக் கையின் மேல் வந்த கோபம்தான்.

செல்போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. பெண்ணின் பையை அவர் ஒரு தோளில் மாட்டினேன். என் பையை இன்னொரு தோளில் மாட்டினேன். துண்டும் ஈரத்துணியும் இருந்த பிளாஸ்டிக் கவரை அவர் விரலில் கோத்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க போய் அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

"நானா?" என்றார். "போன்ல அவ ஏதாவது கேட்டா என்ன சொல்றது?"

"வாங்க, வாங்கன்னு சொல்லுங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் பெண்ணோடு ஏறி உட்கார்ந்தேன். இரும்புக் கம்பியைப் போட்டு மூடினார்கள்.

மேலே போனால் என்ன தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலை தெரிந்தது. அதில் வரிசையாகப் பஸ்கள், பௌர்ணமிக்கு எங்கள் ஊருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள். காற்று முகத்தில் அடித்தது. வயிற்றில் ஏதோ குபுக்கென்று மேலே வந்து இறங்கியது. என் இரண்டு கையும் சும்மா இருந்தன, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதல் சுற்று முழுக்க மடியில் வைத்திருந்தேன். இரண்டாவது சுற்றில் தூக்கிவிட்டேன். சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று என் பெண் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

கீழே பெஞ்சுகள் தெரிந்தன. மடியில் பையோடு பொம்பளைகள். அவர்கள் நடுவில், காதில் போனை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். எங்கள் பெட்டி கீழே வரும்போதெல்லாம் எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"தயிர் உறை ஊத்தின சட்டி எங்கனு கேக்கறா!"

நன்றாகக் கேட்டது. "கேக்கலீங்க!" என்று கத்தினேன்.

"கேக்குதேம்மா" என்றாள் என் பெண்.

"உனக்குக் கேக்குது. எனக்குக் கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, "அப்பா, எங்களுக்குக் கேக்கல!" என்று அவளும் கத்தினாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை அங்கேயே கட்டிக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் அவர் ஒன்றும் கோபப்படவில்லை. பைகளை மாற்றி மாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த ஆளு கரெக்டாதான் போட்டிருக்கான். நிழல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"எனக்குத் தெரியுங்க. காலையிலேர்ந்து அங்கதான் இருக்கேன்."

அவர் அட்டையை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே நடந்தார். முதலிலிருந்து கடைசி வரை படித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று பைகளை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

வெளியே வந்தால் வேன் இல்லை. அட்டையின் பின்பக்கம், அடியில், எல்லாவற்றையும்விடப் பொடி எழுத்தில், 'திரும்புதல்: அரசுப் பேருந்து' என்று போட்டிருந்தது. எங்களை இறக்கிவிட்ட வேன்கள் நேராக மெட்ராஸுக்குள் போய் மலை சுற்றுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டன. பௌர்ணமி வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருக்க அவர் என்ன கிறுக்கனா? காலிப் பார்க்குக்குப் போகப் பௌர்ணமிதான் நல்ல நாள் என்று கண்டுபிடித்த மூளை, அந்தப் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குத் திரும்பிப் போவது எப்படி என்று மட்டும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்றுதானே காசு கொடுத்தேன். காசு கொடுத்தால் யோசிக்கிற வேலை போய்விடாது, வேறு ஒருவர் நமக்காகத் தப்பாக யோசித்துக் கொடுப்பார். நாம் நாள் முழுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். அந்தப் பிளானில் எனக்குப் பிரயோஜனமாக நடந்த ஒரே காரியம் பிளானில் இல்லாததுதான்.

நாலு பஸ்ஸை விட்டு ஐந்தாவதில் தொற்றினோம். உள்ளே நிற்க இடமில்லை. நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, எல்லாம் மலை சுற்றப் போகிற ஜனம். ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் என் பெண்ணுக்கும் சீட்டில் கொஞ்சம் இடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோளிலும் பையோடு, ஈரத்துணிக் கவரோடு, எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"மலை சுத்தவாம்மா போறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லீங்க. எங்களுக்கு அந்த ஊருதான். வீட்டுக்குப் போறோம்."

சொல்லியிருக்கக் கூடாது. முன்சீட்டு திரும்பியது, அதற்கு முன்சீட்டும் திரும்பியது. "அந்த ஊராங்க? எங்கேர்ந்து சுத்த ஆரம்பிக்கணும்?" "எப்ப கிளம்பினா கூட்டம் கம்மியா இருக்கும்?" "செருப்ப எங்க விடறது?" "வழியில பாத்ரூம் இருக்குங்களா?"

என் வாய் திறந்துவிட்டது. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் காட்டினேன்.

"அவரைக் கேளுங்க. அவருக்குப் பொறந்து வளர்ந்த ஊரு."

அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கி முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். அதே நேரம் அவர் சட்டைப்பையில் செல்போன் அடிக்க ஆரம்பித்தது.

நான் என் பெண்ணின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "வாங்க, வாங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. போனில் தங்கையிடம் சொன்னாரா, பஸ்ஸில் அவர்களிடம் சொன்னாரா என்று நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.